கீழ யாரு கீறாங்க?

போன வாரக் கதை முடிந்தபோது, விடிந்தும் விடியாததுமாகத் துளசிராமன் தன் மகன் ராகவின் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. திறக்காமலே இருந்திருக்கலாம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் துளசிராமனை ஊரில் யாரும் கடைக்காரர் என்று சொல்வதில்லை. ‘நைட் ஷிஃப்ட் துளசி’ என்றால்தான் தெரியும். இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நாலு பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டுக்கு ‘நைட் ஷிஃப்ட்’ என்று பெயர். கடைக்காரர் மகன் மைன்ஸ் பசங்களோடு கிடார் தூக்கிக்கொண்டு அலைகிறானே என்று துளசியின் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவரும் போனார், சுரங்கமும் மூடிப் போனது. பேண்டை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

ஆட்கள்தான் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். டிரம்ஸ் அடித்த டைட்டஸ் நெஞ்சு முழுக்கத் தூசி அடைத்துச் செத்தான். பேஸ் கிடார்காரன் மகளோடு கனடாவில் போய்த் தங்கிவிட்டான். அந்தந்த இடத்துக்குப் புது ஆள் வந்தபோது ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் பாடகர் ஜெயகரனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சே நின்றுபோனதே, அதை மட்டும் ஊர் ஜீரணிக்கவில்லை.

போன வருஷ ஆண்டு விழாவில் பெங்களூரிலிருந்து வந்த புதுப் பாடகன் சிவகுமார் மூன்றாவது பாட்டை எடுத்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “கேஜ தூக்கு!”

கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. எங்களை மேலே ஏற்றிவிடு, போதும், வீட்டுக்குப் போகிறோம் என்று அர்த்தம். இந்த ஊர் மேடையில் அதைவிடப் பெரிய செருப்படி கிடையாது. நாலாவது பாட்டில் ஹால் காலி.

இன்று சாயங்காலம் ஊரிகம் ஹாலில் மறுபடியும் ஆண்டு விழா. விழாக் கமிட்டித் தலைவர் நாகேஷ் ரிட்டையரான சுரங்கத் தொழிலாளி, பேண்டின் முதல் நாள் ரசிகர். முந்தின நாள் கடைக்கே வந்து சொல்லிவிட்டார்.

“கோச்சிக்காத துளசி. டிரம்ஸ்காரன் மாறினான், நாங்க இன்னா சொன்னோம்? ஒண்ணியும் சொல்லல. கையி மாறினா பரவால்லப்பா. கொரலு மாறிடிச்சின்னா அப்பால அது வேற வூடு. இந்த வாட்டியும் கேஜ தூக்குன்னு கத்தினாங்கன்னா, அடுத்த வருசத்துக்கு நான் பெங்களூரு ஆர்கெஸ்ட்ராவுக்குச் சொல்லிடுவேன். இதான் கடைசி.”

அந்தக் ‘கடைசி’ என்ற வார்த்தை துளசிராமனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

ராகவ் பெங்களூர் கம்பெனியில் வேலை செய்கிறவன். தினமும் இருட்டோடு எழுந்து ரயில் பிடித்துப் போய், இருட்டியபின் வருகிறவன். இன்று லீவு போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“உக்காருப்பா. இத்த கேளு.”

ஹெட்ஃபோனை அப்பாவின் காதில் மாட்டினான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் துளசிராமனின் உடம்பு சிலிர்த்தது.

*எண்பதாம் லெவல்ல எங்கப்பன் நிக்கறான்,*
*மேல வெயிலடிக்குது, யாரு போய் சொல்றது...*

ஜெயகரன்! இருபத்தைந்து வயசு ஜெயகரன். கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை, குரல் மட்டும் தனியாக, பக்கத்தில் நின்று பாடுகிறமாதிரி.

“நம்ம கடை டேப் ரெக்கார்டர்ல நீ பதிவு பண்ணி வெச்ச கேசட்தாம்பா. கிளப்புல பாடினது. இப்பல்லாம் சாஃப்ட்வேர் கீது. மியூசிக் தனியா, கொரல் தனியா பிரிச்சிடும். க்ளீன் பண்ணி, ஸ்பீடும் சரி பண்ணிட்டேன்.”

துளசிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இத்த வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?”

“சிவா வாயசைக்கட்டும். நீங்கள்லாம் லைவா வாசிங்க. இந்த ஒரே பாட்டுக்கு மட்டும். யாருக்குப்பா தெரியும்?”

துளசிராமன் மகனை ஒரு அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. குரல் இரண்டாவது சரணத்துக்குப் போயிருந்தது. அவரால் தாங்க முடியவில்லை.

“போதும்டா, நிறுத்து.”

“ஃபுல்லா கேளுப்பா, கடைசில ஒரு எடத்துல...”

“போதும்னேன்ல!”

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

சமையலறையில் அவர் மனைவி அம்சவேணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாமல் போனதில்லை, சுவர் அவ்வளவு மெல்லிசு. திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

“திருட்டுத்தனம் பண்ணப் போறீங்களா?”

“இன்னா திருட்டு? பாட்டு எங்க பாட்டு. கேசட் என் கேசட்.”

“கொரலு?”

துளசிராமன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“செத்துப்போன மனுசன் கொரலுன்னா கூட ஒரு கும்பிடு போட்டுட்டு எடுத்துக்கலாம். ஜெயாண்ணன் ஊரிகத்துல உக்காந்துகினு கீறாரு, உசுரோட. அவர ஒரு வார்த்த கேக்காம இன்னொருத்தன் வாயில வெக்கறீங்களே, நாயமா?” தோசைக் கரண்டியைத் தட்டி வைத்தாள். “போயி கேட்டுட்டு வாங்க. அவரு சரின்னா எனக்கும் சரி. தோச எங்கியும் ஓடிப்போவாது.”

நியாயம்தான். அம்சவேணியிடம் இதுதான் கஷ்டம், அவள் சொல்வது எப்போதும் நியாயமாக இருந்து தொலைக்கும். துளசிராமன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

காற்று பலமாக இருந்தது. சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி ரோட்டைக் கடந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டினார். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ‘ஜெயா, ஒரே ஒரு பாட்டு. உன் பாட்டுதான். நீயே பாடற மாதிரிதான்.’ சொல்லச் சொல்ல அவருக்கே அசிங்கமாக இருந்தது.

சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் ஜெயகரன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் ஜெனிட்டா அவருக்குச் சவரம் செய்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் ஒரு கறுப்புச் சட்டை தொங்கியது. மேடைக்குப் போடும் நைட் ஷிஃப்ட் சட்டை. இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

“வாங்க அங்கிள். இன்னிக்கு அப்பா வராரு.”

“எங்க?” என்றார் துளசிராமன், தெரியாதவர்போல.

“ஹாலுக்குத்தான். ஆட்டோ சொல்லிட்டேன். அந்தப் புது பையன் எப்பிடிப் பாடறான்னு பாக்கணுமாம். போன வருசம் கத்தி அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டதுலருந்து இவரு ஒழுங்கா சாப்பிடல.”

ஜெயகரனின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கண் பழைய கண்தான். துளசியைப் பார்த்ததும் நல்ல கையை, இடது கையை, நீட்டினார். துளசிராமன் பிடித்துக்கொண்டார்.

“ஒரு விசயம் சொல்லட்டுமா அங்கிள்?” ஜெனிட்டா சிரித்தாள். “நைட்ல ஜெபம் பண்றப்ப நான் எல்லார் பேரையும் சொல்வேன். சிவகுமார் பேர மறந்துட்டேன்னு வைங்க, என் மணிக்கட்டப் புடிச்சிக்குவாரு. சொன்னாத்தான் விடுவாரு. யாரு எவருன்னே தெரியாத பையன், அதுவும் இவரு எடத்துல வந்து நிக்கறவன். பாருங்களேன்!”

கேட்க வந்த வார்த்தை துளசிராமனின் நாக்குக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. ஜெயகரன் நாற்காலிக் கைப்பிடியில் இடது கையால் தாளம் தட்டிக் காட்டினார். அவர்கள் பாட்டின் தாளம். தட்டிவிட்டு, சிவகுமார் எப்படி இருக்கிறான் என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

“நல்லா கீறாண்டா. நல்லா பாடறான்” என்றார் துளசிராமன். “சாயங்காலம் பாக்கலாம்.”

இவ்வளவுதான் அவர் கேட்டது. டீகூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி வாசலிலேயே மடக்கினாள். “கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“தலையாட்டினான்” என்றார் துளசிராமன்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளிடம் சின்னச் சின்னப் பொய் நிறையச் சொல்லியிருக்கிறார். ஜெயகரன் பேரில் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் நம்பினாள். ஆறின தோசையை எடுத்துவிட்டு, சூடாக இரண்டு ஊற்றிப் போட்டாள். அது தொண்டையில் இறங்கினால்தானே!

மத்தியானம் ஹாலில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் கட்டி முடித்த நேரத்தில் சிவகுமார் வந்தான். முப்பது வயசுப் பையன். அவன் அப்பா இதே ஊரில் பிறந்து, பெங்களூரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே நைட் ஷிஃப்ட் பாட்டுப் பாடித் திரிந்தவர். அந்தப் பாசத்தில்தான் பையன் இந்தக் குழுவில் வந்து சேர்ந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது.

“என்ன பொம்ம மாதிரி நிக்கச் சொல்றீங்களா அங்கிள்?”

“ஒரே பாட்டு தம்பி.”

“அதுதான பாட்டே! மத்ததெல்லாம் யார் கேக்கறாங்க?” கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேடையில் வைத்தான். “அங்கிள், ஒண்ணு சொல்லட்டா? நான் எப்படிப் பாடினாலும் அவங்களுக்குப் பிடிக்காது. அவங்களுக்கு வேண்டியது பாட்டு இல்ல. அவங்க இருபது வயசு வேணும். அத நான் எங்கருந்து கொண்டாறது?”

“அதான் கொண்டாந்து கீறோமே” என்று லேப்டாப்பைக் காட்டினான் ராகவ்.

“நீ சும்மா இரு ராகவ். அங்கிள், தோத்தா தோத்துட்டுப் போறேன். என் கொரல்லயே தோத்துட்டுப் போறேனே!”

துளசிராமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பேரம் பேசத் தெரிந்த கடைக்காரர்தான், ஆனால் இப்போது பேரம் எதுவும் வரவில்லை. “நீ தோத்தா திரும்பிப் பெங்களூர் போயிடுவே கண்ணு. நான் எங்க போவேன்? எனக்கு இத வுட்டா ஒண்ணியும் இல்லடா. மொதல்ல உன் பாட்டப் பாடு. அவங்க கேட்டாங்கன்னா இந்த லேப்டாப்ப தொடக்கூட வேணாம். கேக்கலன்னாதான் இது. நான் தலையாட்டினா மட்டும்.”

பையன் மைக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் சரணம் ஓடி முடிவதற்குள் வாசலில் நாகேஷின் செருப்புச் சத்தம். ராகவ் சட்டென்று லேப்டாப்பை மூடினான். ஒத்திகை அதோடு நின்றது.

ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது. நரைத்த தலைகள், கைத்தடிகள், இருமல்கள். அம்சவேணி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதல் வரிசை நடுவில் வெங்கடம்மா. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. சுரங்கத்தின் எண்பதாவது அடுக்கைப் பற்றிய ‘எண்பதாம் லெவல்’ பாட்டின் கடைசியில் ஜெயகரன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, “கீழ யாரு கீறாங்க?” என்று கேட்பார். அந்தக் காலத்தில் அதற்குப் பதில் சொல்வது ஒரே ஆள்தான். வெங்கடம்மாவின் வீட்டுக்காரர் முனிரத்தினம். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. எத்தனை பேர் கூட்டத்தில் இருந்தாலும் அந்தப் பதில் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒருநாள் கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் அவர் போய்விட்டார். மூடிக் கட்டித்தான் மேலே கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று வெங்கடம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு ஹாலில் யாரும் பதில் சொல்வதில்லை. வாத்தியங்களும் ஓய்ந்துவிடும். ஒரு மூச்சு நேரம் எல்லோரும் சும்மா இருப்பார்கள். பிறகுதான் பாட்டு தொடரும்.

ராகவ் பிறப்பதற்கு முன் நடந்தது இது. கதை அவனுக்குத் தெரியும். முனிரத்தினத்தின் குரல் தெரியாது.

திரை விலகும் நேரத்தில் ஜெனிட்டா அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கறுப்புச் சட்டை. ஹாலே எழுந்து நின்றது. “ஜெயா! ஜெயா!” என்று கத்தினார்கள். நாகேஷ் ஓடிப்போய் வெங்கடம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தவைத்தார். ஜெயகரன் இடது கையை உயர்த்திக் காட்டினார். மேடையில் கிடாரோடு நின்ற துளசிராமன் அந்த நொடியில் முடிவு செய்தார். வேண்டாம். என்ன ஆனாலும் ஆகட்டும், லேப்டாப்பைத் தொட வேண்டாம்.

சிவகுமார் பாடினான். நன்றாகத்தான் பாடினான். முதல் பாட்டுக்குக் கைதட்டல் வந்தது, மரியாதைக்கு. இரண்டாவது பாட்டுக்கு அதுவும் குறைந்தது. ஜெயகரன் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டே இருந்தார். பையனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ‘பாடு, பாடு’ என்கிற மாதிரி.

மூன்றாவது பாட்டின் நடுவில் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. இருவர் எழுந்தார்கள். ஒருவர் வாய்க்கருகே கையைக் குவித்தார்.

“கேஜ தூ...”

நாகேஷ் திரும்பிக் கையை ஓங்கினார். சத்தம் பாதியில் நின்றது. ஆனால் போதுமே! துளசிராமன் ஜெயகரனைப் பார்க்கவில்லை, அம்சவேணியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ராகவைப் பார்த்தார்.

தலையாட்டினார்.

டிரம்ஸ் ஆரம்பித்தது. துளசிராமனின் விரல்கள் தாமாகவே அந்த முதல் சுரத்தைப் பிடித்தன. சிவகுமார் ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

*எண்பதாம் லெவல்ல எங்கப்பன் நிக்கறான்...*

ஹால் மூச்சை இழுத்தது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யாரோ “அய்யோ” என்றார்கள். “டேய், இவன் அப்பிடியே ஜெயாடா!” இரண்டாவது வரிக்குள் ஹால் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. நாகேஷ் கண்ணீரோடு கையை மேலே தூக்கி ஆட்டினார். கைத்தடிகள் தரையில் தாளம் போட்டன. ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது. துளசிராமனுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். கிடாரை இன்னும் ஓங்கி அடித்தார்.

அப்போதுதான் ஜெயகரனைப் பார்த்தார்.

தாளம் போட்ட கை நின்றுவிட்டிருந்தது. அந்தக் கை மெல்ல மேலே ஏறி அவருடைய தொண்டையைத் தொட்டது. அங்கேயே இருந்தது. ஜெனிட்டா அப்பாவின் முகத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாட்டு கடைசிக்கு வந்தது. சிவகுமார் வழக்கப்படி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். அவன் வாய் மூடியிருக்க, ஸ்பீக்கரிலிருந்து குரல் கேட்டது. “கீழ யாரு கீறாங்க?”

வாத்தியங்கள் ஓய்ந்தன. ஹால் வாயை மூடிக்கொண்டது. அந்த ஒரு மூச்சு நேரம்.

“நான் கீறேண்டோய்!”

கரகரத்த குரல். சிரிப்பு தெறிக்கிற குரல். ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தச் சாஃப்ட்வேர் கழித்துக்கட்டியிருந்தது. ஆனால் அன்று கூட்டத்திலிருந்து வந்த அந்தப் பதிலும் மனுஷக் குரல்தானே, விட்டுவிட்டது. அப்பா முழுசாகக் கேட்கவில்லை. மகன் கேட்டான், ஜெயகரனே கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

ஜெயகரனின் குரல் அடுத்த வரியைப் பாடிக்கொண்டு போனது. டிரம்ஸ் சேரவில்லை, கிடார் சேரவில்லை. சிவகுமார் மைக்கைக் கீழே இறக்கிவிட்டான். யார் வாயும் இல்லாமல் குரல் மட்டும் தனியாகப் பாடியது. ராகவ் பதறிப்போய் நிறுத்தினான்.

முதலில் எழுந்தவள் ஜெனிட்டா. “அங்கிள், எங்கப்பாகிட்ட கேட்டீங்களா?”

இரண்டாவது வரிசையிலிருந்து அம்சவேணிதான் பதில் சொன்னாள். “கேட்டாரும்மா. காலையில வந்து கேட்டாரே! உங்கப்பா தலையாட்டினாராமே?”

“இல்ல ஆன்ட்டி. வந்தாரு. நல்லா கீறான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒண்ணியும் கேக்கல.”

அம்சவேணி புருஷனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜெனிட்டா நாற்காலியைத் திருப்பி வாசலை நோக்கித் தள்ளினாள். கூட்டம் வழிவிட்டது. கேஜைத் தூக்கு என்று யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் துளசிராமன் பிழைத்திருப்பார். நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெங்கடம்மா எழுந்தாள். மேடை விளிம்பு வரைக்கும் வந்து, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“துளசிண்ணா.”

“மன்னிச்சிடும்மா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. “அவருதான?”

“ஆமாம்மா.”

“மூஞ்சி போட்டோல கீதுண்ணா. தெனம் பாக்கறேன். கொரலுதான் மறந்துகினே வந்துச்சு. போன வருசத்துலருந்து சுத்தமா ஞாபகம் வரல. யாருகிட்ட போயி சொல்றது இத்த?” ஸ்பீக்கர் பெட்டியைத் தடவினாள். “இன்னொரு வாட்டி போடச் சொல்லுண்ணா. அந்த ஒரு எடம் மட்டும்.”

ராகவின் விரல் லேப்டாப்பின் மேல் நின்றது. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

துளசிராமன் தலையாட்டவில்லை. கிடாரைக் கழற்றி வைத்தார். பாட்டு முடியாமல் அவர் மேடையைவிட்டு இறங்கியது இதுவரை நடந்ததில்லை. வழிவிட்ட கூட்டத்தின் நடுவே வாசலுக்குப் போனார். ஜெனிட்டா நாற்காலியை நிறுத்தினாள். ஜெயகரன்தான் சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

துளசிராமன் அவர் முன்னால் மண்டி போட்டார். காலையில் கேட்டிருக்க வேண்டியது. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“ஜெயா, அது உன் கொரலு. போடட்டுமா?”

ஜெயகரனால் பேச முடியாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. ஹால் முழுக்கப் பதிலுக்காகக் காத்திருந்தது.